ஹம்ஸநாதத்தில் ஒரு கிட்டார்

சைதாப்பேட்டைக் காரணீசுவரர் கோயில் உற்சவத்தில் சுவாமிக்கு முன்னே ஒலித்துச் செல்லும் நாதஸ்வரத்தைச் செவிநிறையக் கேட்டு வளர்ந்த எனக்கு, மின்சாரத்தால் பெருக்கப்பட்ட கிட்டாரின் கர்ஜனையும் சங்கீதமே என்று ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. என் தமக்கையின் மகன் ஒரு மாலைப் பொழுதில், "உங்களுக்குத் தெரிஞ்ச கீர்த்தனைதான் மாமா, கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். கிட்டாரும் டிரம்ஸும் இடியோசையாகச் சூழ்ந்திருக்க, அவற்றின் நடுவே தியாகராஜ சுவாமிகளின் 'பந்துரீதி' கம்பீரமாகப் புறப்பட்டு வந்தது. பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' என்னும் குழு 2012-இல் வெளியிட்ட முதல் ஆல்பமான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்பதில், 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்ற பெயரோடு அந்தக் கீர்த்தனை இடம்பெற்றிருக்கிறது. அது அமைந்த ஹம்ஸநாத ராகத்தின் பெயரிலுள்ள அன்னத்தையே அவர்கள் தலைப்பாக்கிக்கொண்டார்கள் என்று ஊகிக்கிறேன்.

அவர்கள் கையாளும் 'ப்ரோக்ரஸிவ் ராக்' என்பது 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செழித்த ஒரு மார்க்கம். வானொலிக்கென மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டுகளில் அலுப்புற்ற இளைஞர்கள், ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தையும் ஜாஸையும் ராக்குடன் கலந்து, தாளம் இடையிடையே மாறுகிற நீண்ட உருப்படிகளை அமைக்கத் தொடங்கினார்கள். 'கிங் கிரிம்ஸன்' குழு 1969 அக்டோபரில் வெளியிட்ட முதல் ஆல்பத்தை இதன் ஆதாரகிரந்தம் என்றே பலர் கருதுகிறார்கள். ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும் அந்த இசைத்தட்டில் மொத்தம் ஐந்தே பாட்டுகள். ராகம், தானம், பல்லவி என்று ஒன்றையே ஒரு மணி நேரம் கேட்கும் பொறுமை வாய்த்த நம்மவர்களுக்கு இந்த நீளம் அச்சமூட்டக் காரணமில்லை.

அகம் குழு 2003-இல் தோன்றியது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவதோடு வயலினும் வாசிக்கிறார். குழுவினரில் பலர் கணினித் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சாதகம் செய்தவர்கள் என்பதால், முதல் ஆல்பம் வர ஒன்பது ஆண்டுகள் ஆனதைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன். சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவும், கேரளத்து வள்ளம்களியின் துடுப்பு வேகத்தை நினைவூட்டும் படகுப் பாட்டும் இதில் உண்டு. ஆயினும் என் மனம் ஹம்ஸநாதத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. மேல்நாட்டு இசையில் ஸ்வரங்களை அடுக்கிச் சேர்த்து ஒலிக்கும் கார்டு என்பதில் ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் கூடுவது சாதாரண வழக்கம். அதன் பாவம் மகிழ்ச்சியா சோகமா என்று நிர்ணயிப்பது நடுவிலிருக்கும் காந்தாரமே. ஆனால் ராக் இசைக்கே உரிய கரகரத்த ஒலியில் அம்மூன்றையும் சேர்த்து மீட்டினால் நாதம் கலங்கிப் போவதால், கிட்டார்க்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜ பஞ்சமங்களை மட்டும் மீட்டுகிறார்கள். இதைப் 'பவர் கார்டு' என்பார்கள். நம் தம்பூரா கச்சேரி முழுவதும் இடைவிடாது ஒலிப்பதும் அந்த ஷட்ஜ பஞ்சமங்களைத்தானே! இன்று வழக்கில் பாடப்படும் ஹம்ஸநாதமோ ஸ, ரி, ம, ப, நி என்ற ஐந்து ஸ்வரங்களோடு நின்றுவிடுகிறது. அதில் காந்தாரம் இல்லை. காந்தாரத்தைத் துறந்த வாத்தியமும் காந்தாரமே இல்லாத ராகமும் சந்திக்கும்போது, ராகத்தின் ஸ்வரூபம் சிதையுமோ என்று நான் கொண்டிருந்த பயம் பெரும்பாலும் நீங்கிற்று.

சாஹித்யத்தின் பொருளும் இதற்கு இசைவானதே. ராமனிடம் காவல் சேவகனாக உத்தியோகம் வேண்டும் அந்தக் கீர்த்தனையில், மயிர்க்கூச்சே கவசமாகவும், ராமபக்தன் என்பதே முத்திரையாகவும், ராமநாமமே வாளாகவும் வருணிக்கப்படுகின்றன. வீரனுக்குரிய அத்தனை ஆயுதங்களையும் அணிந்து நிற்கும் பக்திக்கு முரசொலியும் இடிமுழக்கமும் அந்நியமல்ல. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும்: வேகம் உச்சத்தை எட்டும் இடங்களில் டிரம்ஸின் ஆவேசத்தில் சொற்கள் அமிழ்ந்துவிடுகின்றன, ஒவ்வொரு சங்கதியையும் நிதானமாக மலரவிட்டுப் பாடும் நம் வித்வான்களிடம் கிடைக்கும் சாஹித்ய சுகம் அங்கே கிட்டுவதில்லை.

இதைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள், தங்கள் அபிமான வித்வான் எவரேனும் பாடிய பந்துரீதியை முதலில் கேட்டுவிட்டு, அந்த ராகம் செவியில் நிற்கும்போதே இதையும் கேட்கலாம். நான் அவ்வாறுதான், இரவு பத்து மணிக்கு மேல், மின்சார ரயிலின் ஓசை அடங்கிய இடைவெளிகளில், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.