நாச்சோ என்னும் ஆகுபெயர்

ஆகுபெயரைப் பல வகையாக வகுத்தார் நன்னூலார். அவற்றுள் ஒன்று கருத்தாவாகுபெயர். செய்தவன் பெயர் அவனாற் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது அது. 'வள்ளுவரைப் படித்தேன்' என்னுமிடத்து, வள்ளுவர் என்னும் பெயர் அவர் இயற்றிய நூலைக் குறித்தல் காண்க. இவ்வுதாரணம் ஒன்றையே ஆண்டுதோறும் சொல்லி என் நாத்தழும்பேறிவிட்டது. இன்னுமொன்று வேண்டும் மாணாக்கருக்கு யான் இக்காலத்தில் ஒரு சிற்றுண்டியைக் காட்டுவதுண்டு. அதன் பெயர் நாச்சோ.

மெக்சிக்கோவுக்கும் அமெரிக்க மாநிலமாகிய ரெக்சாசுக்கும் இடையே ரியோ கிராண்டே என்னும் ஆறு எல்லையாய் ஓடுகின்றது. அதன் ஒரு கரையிலே பியத்ராஸ் நெக்ராஸ் என்னும் மெக்சிக்க நகரும், மறுகரையிலே ஈகிள் பாஸ் என்னும் அமெரிக்க ஊரும் எதிரெதிரே உள்ளன. இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலம். ஆண்டு 1943 என்பர். அமெரிக்கப் படையினரின் மனைவியர் சிலர் ஆறு கடந்து வந்து, மெக்சிக்கக் கரையிலிருந்த விக்டரி கிளப் என்னும் உணவுச்சாலையிற் புகுந்தனர். அவ்வேளை சமையற்காரரைக் காணவில்லை. விருந்தினரை வரவேற்று அமர்த்தும் பணியிலிருந்த இக்னாசியோ அனயா என்பவர் தாமே அடுக்களையுட் சென்றார். தொர்த்தில்லா என்னும் சோள ரொட்டியை முக்கோணத் துண்டுகளாக வெட்டிப் பொரித்தார். ஒவ்வொரு துண்டின் மேலும் பாற்கட்டித் துருவலை இட்டு, அஃது உருகுமளவும் போறணையில் வைத்தார். பின்னர் ஹலப்பேனியோ மிளகாய்ச் சீவல் ஒன்றை ஒவ்வொன்றின் தலையிலும் வைத்துக் கொணர்ந்தார்.

உண்டு மகிழ்ந்தோர் பெயர் வினவ, 'நாச்சோவின் சிறப்புணவு' என்பது பெயராயிற்று. சுப்பிரமணியம் மணியாவதுபோல, இக்னாசியோ என்னும் பெயர் அந்நாட்டு வழக்கில் நாச்சோவாகும். எம் நாட்டுக் கத்தோலிக்கர் இன்னாசி என வழங்குவதும் இப்பெயரையே. நாளடைவிற் சிறப்புணவு என்பது உதிர்ந்தது. நாச்சோ மட்டும் நின்றது.

அச்சிறு துண்டிலே பல நாட்டுச் செய்தி அடங்கியிருக்கின்றது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்து ரொட்டி செய்தல் அம்மண்ணின் பழங்குடியினர் கண்ட முறை. பாற்கட்டிக்கு வேண்டிய பசுக்களை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தனர். ஹலப்பேனியோ என்னும் பெயர் ஹலாப்பா என்னும் மெக்சிக்க நகரால் வந்தது. மிளகாய் இனம் முழுவதற்கும் அமெரிக்கக் கண்டமே தாயகம். அதனைப் போர்த்துக்கேயர் நம் பக்கத்துக்குக் கொணர்ந்தனர். மிளகின் உறைப்பையே அறிந்திருந்த நம் முன்னோர் அப்புதிய காய்க்கு மிளகாய் எனப் பெயரிட்டனர்.

1976இல் ரெக்சாசின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கிலே, பெருங்கூட்டத்துக்கு விரைந்து பரிமாறும் பொருட்டு, பாற்கட்டிக் குழம்பை ஊற்றி இதனை விற்கத் தொடங்கினர். இன்று நண்பர் கூடுமிடங்களிற் பொரித்த துண்டுகளை மலைபோற் குவித்து, அவரை, இறைச்சி, தக்காளி யாவும் மேலே சொரிகின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆயின் முந்தி வந்தோர்க்கு மேலுள்ள சுவையெல்லாம் கிடைக்கும். பிந்தி வந்தோர்க்கு அடியிலுள்ள வெறுந்துண்டுகளே மிஞ்சும். அனயா செய்த முறையிலோ ஒவ்வொரு துண்டும் தன் பங்கை நிறைவாகப் பெற்றிருந்தது. வீட்டிற் செய்ய விரும்புவோர் தட்டிலே துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புக. பாற்கட்டி உருகியவுடன் எடுத்துச் சூடாறுமுன் பரிமாறுக. ஆறினாற் பாற்கட்டி இறுகிவிடும்.

அனயா தம் ஆக்கத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றாரல்லர். எவரும் செய்தனர், எவரும் விற்றனர். அவர் 1975இல் மறைந்தார். பியத்ராஸ் நெக்ராஸ் மக்கள் அவரை மறக்கவில்லை. ஒக்டோபர் 21ஆம் நாள் நாச்சோ நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஆயின் உலகெங்கும் அதனை வாங்கி உண்போருட் பெரும்பாலோர் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியார்.

கருத்தனை அறிந்து வழங்கும்வரையே அஃது ஆகுபெயர். அவனை மறந்தவிடத்து அது வெறும் இடுகுறியாய் ஒழியும். ஆதலின் இவ்வுதாரணத்தை எழுதிக்கொள்ளும் மாணாக்கரிடம் யான் ஒன்று வேண்டுவேன்: நாச்சோ என்பதன் பக்கத்திலே இக்னாசியோ அனயா என்றும் எழுதிக்கொள்க.