விரல்களும் வினைகளும்

சென்னை மாநகருக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கு அண்மையில், கூவம் ஆற்றின் கரையில் திருவேற்காடு என்னும் ஊர் உள்ளது. வேல மரங்கள் மிகுந்த காடாக இருந்தமையால் இவ்வூர் வேற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற வேதபுரீசுவரர் கோயில் இங்கே இருக்கின்றது. மக்கள் பெருந்திரளாக வந்து வழிபடும் தேவி கருமாரியம்மன் கோயிலும் இவ்வூரிலேயே உள்ளது. காடு மறைந்து வீடுகளும் கடைகளும் நெருங்கிவிட்ட இந்நாளில், அம்மன் கோயிலை நோக்கிச் செல்வோர் கண்ணில் முதலில் படுபவை பூக்கடைகளே. எலுமிச்சம்பழ மாலைகளும் வேப்பிலைக் கொத்துகளும் ஒருபுறம் தொங்க, மறுபுறம் மல்லிகை மொட்டுகள் குவிந்து கிடக்கும். அக்குவியலின் முன் அமர்ந்திருப்பவரின் கைகளைச் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு மொட்டுகளைக் காம்போடு பற்றுகின்றன. அவற்றுக்கு எதிர்ப்புறமாக மேலும் இரண்டு மொட்டுகள் வந்து சேர்கின்றன. வலக்கை, நனைத்த வாழைநாரைக் காம்புகளின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் சுருக்கிட்டு, மொட்டுகளின்மேல் மாட்டி இழுக்கின்றது. இறுக்கம் மிகுந்தால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் பூ உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எது என்பது விரலுக்குத் தெரியும். வாயால் சொல்ல இயலாது. “எவ்வளவு இறுக்க வேண்டும், அம்மா?” என்று கேட்டேன். “கட்டக் கட்டத் தெரியும்” என்பதே விடையாக வந்தது. அவர் தம் கைகளைப் பார்க்கவேயில்லை; வருவோரிடம் முழத்துக்கு விலை பேசிக்கொண்டே தொடுத்துக்கொண்டிருந்தார்.

இத்திறன் எங்கிருந்து வந்தது? மாணவர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலக்கையால் உங்கள் இடக்கையின் முன்கையைப் பற்றிக்கொண்டு, இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். அசைவது விரல், ஆனால் திரண்டு புடைப்பது முன்கை! விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசைகள் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகள், கயிறு போன்ற தசைநாண்களால் விரல்களை இழுத்து இயக்குகின்றன. பொம்மலாட்டத்தில் மறைந்து நின்று நூலை இழுப்பவரைப் போன்றவை அத்தசைகள். அவற்றை இயக்குவதோ மூளை. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு என்பவர், மூளையின் எந்தப் பகுதி உடலின் எந்த உறுப்பை அசைக்கின்றது என்று ஆராய்ந்து 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளையில் கைக்கு உரிய இடம், முதுகு முழுவதற்கும் உரிய இடத்தைவிட மிகப் பெரிதாக இருக்கக் கண்டார்.

ஆனால் இவ்வளவும் பிறக்கும்போதே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு என்று உடல்நூல் கூறும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை ஊடுகதிர்ப் படம் எடுத்தால் பெரும்பாலும் அவ்வெட்டில் ஒன்றும் தோன்றாது. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். பட்டாணி போன்ற கடைசி எலும்பு, குழந்தைக்கு ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் தோன்றும். குழந்தையின் எலும்பு வயதை மருத்துவர்கள் இப்படத்தைக் கொண்டே கணிக்கின்றனர். தசைகளின் வளர்ச்சியும் படிப்படியானதே. ஆறு திங்கள் குழந்தை பொருளை உள்ளங்கையால் வாரி எடுக்கும். ஒன்பது, பத்துத் திங்களில் பெருவிரலும் சுட்டுவிரலும் கூடித் தரையில் கிடக்கும் பொரியைக் கிள்ளி எடுக்கும். எழுதுகோலை மூன்று விரல்களால் பற்றும் திறனோ, நான்கைந்து வயதளவில்தான் நிலைபெறும்.

இதை அறியாமையால் விளையும் துன்பம் சிறிதன்று. எனக்குத் தெரிந்த சிறுவன் ஒருவன் மூன்று வயதிலேயே பள்ளியில் சேர்க்கப்பெற்றான். ‘அ’ எழுதச் சொன்னார்கள். நம் மொழியின் முதல் எழுத்து எளிதான எழுத்தா? சுழி உண்டு, வளைவு உண்டு, இறங்கு கோடும் உண்டு. பிள்ளை பென்சிலை முட்டிக்கையாகப் பிடித்து அழுத்தினான், முனை ஒடிந்தது. மீண்டும் சீவிக் கொடுத்தார்கள், மீண்டும் ஒடிந்தது. ஐந்து வயதிலும் அதே நிலைதான். எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி ஓடின. “பையன் சோம்பேறி” என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்கள். அவன் சோம்பேறி அல்லன். பழகாத கை படும் பாட்டை அவனால் எடுத்துச் சொல்ல இயலவில்லை, அவ்வளவே.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் கண்டிப்பும் பிரம்பும் மிகுதி. அவற்றை நான் போற்றமாட்டேன். ஆயினும் எழுத்தைத் தொடங்கிய முறையில் ஓர் அறிவு இருந்தது. மாணவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பிடிப்பதற்குக் கோல் இல்லை, ஒடிவதற்கு முனையும் இல்லை. தவறினால் தடவி அழித்துவிடலாம். எழுத்தின் வடிவம் கைக்குப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவனிடம் வந்தன. விசயதசமி நாளில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பற்றி எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நாமோ அதனை ஒரு நாள் சடங்காகச் செய்துவிட்டு, மறுநாளே பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம்.

பள்ளிக்கு வெளியே நம் சிறுவர்கள் ஆடிய ஆட்டங்களும் செய்த சிறு வேலைகளும் விரலுக்கு நல்ல பயிற்சிகளாய் இருந்தன. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியிலுள்ள புளியங்கொட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்ல வேண்டும். அப்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி மீதிக் கொட்டைகளைக் காக்கின்றன. பெருவிரல் ஒரே ஒரு கொட்டையை மட்டும் நுனிக்குத் தள்ளுகின்றது. ஒரே கையில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ள, மற்றொரு பகுதி வேலை செய்கின்றது! எழுதும்போதும் சட்டைக்குப் பொத்தானிடும்போதும் கை இவ்வாறே தொழிற்படுகின்றது. கோலமிடுவதும் அத்தகையதே. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவு ஒரே சீராக ஒழுக வேண்டும்; விரல் சற்றே நெகிழ்ந்தால் கோடு பருத்துவிடும். களிமண் பிசைதல் கைக்கு வலிமை தரும். விநாயக சதுர்த்திக்கு மண்பிள்ளையார் செய்யும் சிறுவன், தும்பிக்கையை உருட்டும்போது இரண்டு உள்ளங்கைகளையும் ஒத்து இயங்கச் செய்கின்றான். கண்ணுக்குக் குன்றிமணி பதிப்பது வழக்கம். ஆனால் குன்றிமணியின் பருப்பு கொடிய நஞ்சு. சிறு குழந்தைகள் கையில் அதனைக் கொடுத்தல் ஆகாது, மிளகு போதும்.

எல்லாவற்றினும் எனக்கு விருப்பமானது பனையோலைக் காற்றாடி. ஓலையை ஒரு விரற்கடை அகலத்தில் கிழிக்க வேண்டும். இரண்டு கீற்றுகளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, குறுக்காக அமைக்க வேண்டும். நடுவில் ஒரு வேல முள்ளைச் செருகி, முள்ளின் முனையைச் சோளத்தட்டையில் குத்தினால் வேலை முடிந்தது. வேற்காட்டுச் சிறுவர்களுக்கு முள்ளுக்கா ஒரு காலத்தில் பஞ்சம் இருந்திருக்கும்? முள் இறுகினால் காற்றாடி சுழலாது. தளர்ந்தால் கழன்று விழும். பூக்கடையில் கண்ட அதே கணக்குத்தான். பயிற்சி சரியாயிற்றா என்று கூற ஆசிரியர் தேவையில்லை, காற்றே சொல்லிவிடும்.

மேல்நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தோர் உண்டு. செருமனி நாட்டில் பிரீட்ரிக் ஃபுரோபெல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் ‘கிண்டர்கார்டன்’ எனப் பெயர் பெற்றது. காகிதம் மடித்தல், காகிதப் பாய் முடைதல், களிமண்ணில் உருவம் செய்தல் ஆகியவை அங்கே பாடங்களாயின. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ அமைத்தார். அவர் ஆக்கிய கருவிகளுள் ஒன்று, வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவது. ஒவ்வோர் உருளையின் தலையிலும் ஒரு சிறு குமிழ் உண்டு. குழந்தை அக்குமிழை மூன்று விரல்களால் பற்றித் தூக்கும். எழுதுகோலையும் அம்மூன்று விரல்களாலேயே பற்றுகிறோம் அல்லவா? எழுத்தைக் காணுமுன்பே குழந்தையின் கை எழுதுவதற்கு அணியமாகிவிடுகின்றது. அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டமையால் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1937இல், வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். ஆதாரக் கல்வி என்று அது வழங்கப்பெற்றது. தக்ளியில் நூல் நூற்ற பள்ளிப் பிள்ளைகளை உங்கள் பாட்டனார் அறிந்திருக்கக்கூடும். வலக்கை தக்ளியைச் சுழற்றிவிட, இடக்கை பஞ்சைச் சீராக நெகிழ விட வேண்டும். விரைந்தால் இழை அறும். விரலுக்கு அருமையான பயிற்சி அது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையால் பள்ளிச் செலவையே ஈடுசெய்யலாம் என்ற எண்ணமும் அத்திட்டத்தில் கலந்திருந்தது. அதை அக்காலத்திலேயே பலர் மறுத்தனர். அவர்கள் மறுத்தது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. இத்தனை முழம் நூல் வேண்டும் என்று கணக்குக் கேட்கத் தொடங்கினால், விளையாட்டு கூலிவேலையாகிவிடும். பூக்கடையில் அன்னையின் அருகே அமர்ந்து விருப்பத்தோடு நான்கு பூத்தொடுக்கும் சிறுமி வேறு; பள்ளிக்குப் போகாமல் நாள் முழுவதும் தொடுக்கும் சிறுமி வேறு.

கைப்பழக்கம் குறைந்தால் என்ன இழப்பு? இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறுவை மருத்துவம் பற்றிய கல்வியைக் கற்பிக்கும் பேராசிரியர் ரோஜர் நீபோன் 2018ஆம் ஆண்டில் ஒரு கவலையை வெளியிட்டார். தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று வரும் மாணவர் சிலருக்குக் காயத்தைத் தைக்கத் தெரியவில்லை என்றார். வெட்டுதல், தைத்தல், பொருள்களைச் செய்தல் ஆகியவை சிறுவர் வாழ்விலிருந்து விலகி, அவ்விடத்தில் தட்டையான திரையைத் தடவுதல் வந்துவிட்டது என்பது அவர் கருத்து. திரையின்மேல் தடவும் விரலுக்கு இறுக்கமும் இல்லை, நெகிழ்ச்சியும் இல்லை. காம்பு அறுவதும் இல்லை.

பெருஞ்செலவில்லாமல் இதற்கு வழி காட்டியவர் நம் நாட்டிலேயே உண்டு. பொறியியலாளரான அரவிந்த் குப்தா, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில் நடந்த அறிவியல் கல்விப் பணியில் சேர்ந்தார். மிதிவண்டி வால்வின் மெல்லிய இரப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றால் தீக்குச்சிகளை இணைத்து, முக்கோணமும் கூம்பும் வீடும் அமைத்துக் காட்டினார். குச்சியின் மருந்து முனையைச் சுரண்டி எடுத்துவிட்டால் இடர் இல்லை. அத்துளைக்குள் குச்சியைச் செலுத்திப் பாருங்கள். உங்கள் விரலுக்கும் அது எளிதாய் இராது.

முன்னர்க் கூறிய சிறுவனுக்கு வருவோம். அவனுடைய பாட்டியார் திருவேற்காட்டில் வாழ்பவர். கோடை விடுமுறையில் பேரனை அழைத்துவந்து, குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். முதல் வாரம் மலர்ந்த பூவையும் மொட்டையும் பிரித்துத் தரச் சொன்னார். அடுத்து நாரைக் கிழித்துத் தரச் சொன்னார். பின்னர்ச் செம்பருத்தியைப் பெரிய ஊசியில் கோக்கவிட்டார். “எழுது” என்று ஒருநாளும் சொல்லவில்லை. பள்ளி திறந்தபோது அவன் எழுத்து அழகாகிவிட்டது என்று நான் கூறமாட்டேன். இன்றும் அவன் ‘ஐ’ ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கின்றது. பென்சில் முனை ஒடிவது மட்டும் நின்றது. சென்ற முறை நான் போயிருந்தபோது, வாசற்படியில் அமர்ந்து தன் தங்கைக்கு ஓலைக் காற்றாடி செய்துகொண்டிருந்தான். அது சுழலவில்லை. “முள் இறுகிப்போச்சு” என்று தானே சொல்லிக்கொண்டு, அதைப் பிரித்து மீண்டும் கோக்கத் தொடங்கினான்.