சினிமாவில் வராத பாட்டு!
கோவை வாலிபரின் முதல் ஆல்பம் பிறந்த கதை

தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். கல்யாண வீட்டில் ஒலிப்பது அதுதான். டீக்கடையில் ஒலிப்பதும் அதுதான். பஸ் ஏறினால் அங்கேயும் அதுதான்!

படம் இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், ஒரு பாட்டு ஊரெங்கும் பரவ முடியுமா?

"முடியும்" என்று காட்டினார்கள், 2 வாலிபர்கள். ஒருவர் கோவையைச் சேர்ந்த ஆதி. மற்றவர் அவருடைய நண்பர் ஜீவா. இவர்களுடைய இசைக் குழுவின் பெயர், "ஹிப்ஹாப் தமிழா".

இந்தக் குழுவின் முதல் ஆல்பம் "ஹிப்ஹாப் தமிழன்". 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆல்பம் என்றால், பல பாட்டுகள் அடங்கிய தொகுப்பு. முன்பு இசைத்தட்டாக வந்தது. பிறகு கேசட்டாக வந்தது. இப்போது செல்போனிலேயே கேட்கிறோம்.

"ராப்" என்றால் என்ன?

இந்த ஆல்பத்தில் உள்ளது "ராப்" பாட்டு. தாளத்துக்கு ஏற்றபடி, பேசுவது போல வேகமாகப் பாடுவதுதான் ராப். ராகத்தைவிடச் சொல்லுக்கும் எதுகை மோனைக்கும் இதில் வேலை அதிகம். மூச்சு விடாமல் பாட வேண்டும். நாக்கு குழறக்கூடாது!

இது பிறந்த இடம், அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். அங்கே பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்களும் ஏழைகளும் நிறைந்த இடம். 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி, அங்கே ஒரு பெண் விருந்து நடத்தினாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். அதற்காகத்தான் அந்த விருந்து!

அவளுடைய அண்ணன் இசைத்தட்டுகளைச் சுழல விட்டார். "கூல் ஹெர்க்" என்பது அவருடைய பட்டப்பெயர். பாட்டில் தாளம் மட்டும் வரும் இடத்தை, 2 தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். கூட்டம் ஆடித் தீர்த்தது. "ஹிப்ஹாப்" என்ற கலை பிறந்தது, அந்த இரவில்தான் என்று சொல்கிறார்கள்.

நமது உடுக்கைப் பாட்டு

தாளத்தோடு பேச்சையும் பாட்டையும் கலப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதா? இல்லை. பொன்னர்-சங்கர் வரலாறான அண்ணன்மார் சாமி கதையை, உடுக்கை அடித்து, இரவு இரவாகப் பாடுவார்கள். பாட்டு வரும், நடுவே பேச்சு வரும், மறுபடியும் பாட்டு வரும். கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராப் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

தமிழில் ராப் பாடியவர்கள் முன்பும் உண்டு. 1994-ம் ஆண்டில் வந்த "காதலன்" படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையில் "பேட்டை ராப்" இடம் பெற்றது. மலேசியத் தமிழரான யோகி பி, "நட்சத்ரா" குழுவுடன் சேர்ந்து 2006-ம் ஆண்டில் "வல்லவன்" என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கடல் கடந்து வந்த அந்தத் தமிழ், இங்குள்ள வாலிபர்களைத் துள்ள வைத்தது.

ஸ்டூடியோ போய் கம்ப்யூட்டர் வந்தது

ஒரு காலத்தில் கோவையிலேயே சினிமா எடுத்தார்கள். சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. பட்சிராஜா ஸ்டூடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" (1954) பட்சிராஜா தயாரிப்புதான். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன், இளம் வயதில் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். பிறகு படத்தொழில் சென்னைக்குப் போயிற்று. பாட வேண்டும் என்றால், பட்டணத்துக்கு ரெயில் ஏற வேண்டும். சிபாரிசு தேட வேண்டும். வாசலில் காத்து நிற்க வேண்டும்.

1990-ம் ஆண்டில் பிறந்த ஆதிக்கு வேறு வழி கிடைத்தது. கம்ப்யூட்டர்தான் ஸ்டூடியோ. இன்டர்நெட்தான் மேடை. தானே எழுதினார், தானே பாடினார், உலகத்துக்கு அனுப்பினார்!

2011-ம் ஆண்டில், ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் "கிளப்புல மப்புல" என்ற பாட்டைப் பாடினார். அது யூடியூபில் ஏறியது. லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே ஆல்பம் வந்தது.

எதிர்ப்பும் வந்தது

புகழுடன் கண்டனமும் கூடவே வந்தது. நகரத்து விடுதிகளில் மது குடிக்கும் பெண்களைக் குறை கூறுகிறது, அந்தப் பாட்டு. "குடிக்கும் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?" என்று பலர் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். குடியினால் அழிந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் குடித்தவன் ஆண். கண்ணீர் வடித்தவள் பெண். சொந்தத் தமிழில் துணிந்து பாடியதைப் பாராட்டலாம். பாட்டில் சொன்னது எல்லாம் சரி என்று ஏற்க வேண்டியது இல்லை. பிள்ளைகள் முணுமுணுக்கும் பாட்டின் பொருளை, வீட்டில் உட்கார்ந்து பேசுவது நல்லது.

ஒரு வருடம் தவணை

"தம்பி, படிப்பு முடிஞ்சுதுங்களா? வேலை கிடைச்சுதுங்களா?" -கோவைப் பக்கம் என்ஜினீயரிங் படித்த பிள்ளையைக் கண்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆதியும் என்ஜினீயரிங் படித்தவர்தான்.

தன் வாழ்க்கையைத் தழுவி, 2017-ம் ஆண்டில் "மீசைய முறுக்கு" என்ற படத்தை அவரே இயக்கி நடித்தார். மகன் இசையில் முயன்று பார்க்க, தகப்பனார் ஒரு வருடம் தவணை கொடுக்கிறார். தகப்பனாராக நடித்தவர் விவேக். பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதத்தைத் திரையில் பார்த்தபோது, பெற்றோரும் கண் கலங்கினார்கள்.

மீண்டும் சினிமா!

சினிமாவை நம்பாமல் வந்த ஆல்பம், கடைசியில் சினிமாவின் கதவையே திறந்தது! 2013-ம் ஆண்டில் "எதிர்நீச்சல்" படத்தில் பாடினார்கள். 2015-ம் ஆண்டில் "ஆம்பள" படத்துக்கு இசை அமைத்தார்கள். அதே ஆண்டில் வந்த "தனி ஒருவன்" பெரும் வெற்றி பெற்றது.

ஆதி படிப்பையும் விடவில்லை. 2019-ம் ஆண்டில், தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கூறும் "தமிழி" என்ற ஆவணப்பட வரிசையைத் தயாரித்தார். 2023-ம் ஆண்டில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதைப் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் படிப்பை மூட்டை கட்டிவிட்டுப் பாடக் கிளம்ப வேண்டும் என்பது இல்லை. பாடியவர்கள் ஆயிரம் பேர். பெயர் பெற்றவர்கள் சிலர்தான். ஆனால், உங்கள் வீட்டுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டு இருந்தால், உடனே அதட்டாதீர்கள். கதவைத் தட்டி, "என்ன கண்ணு பண்றே, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். கேட்டபிறகு, தவணை எத்தனை மாதம் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.