வெள்ளாற்றில் குப்பை அள்ளுவோர் கையில் ஒரு நோட்டும் வேண்டும்

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாகும் வெள்ளாறு, தொழுதூரையும் பெண்ணாடத்தையும் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் மட்டும் பெருகும் ஆறு இது. வறண்ட மாதங்களில் இத்தகைய ஆற்றின் மணலில் எறியப்படும் பொருள் முதல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குப் போய்விடுவதால், ஆறு தன்னைத் தானே கழுவிக்கொண்டதென்று கரையோர ஊர் எண்ணிவிடுகிறது. ஆகவே தன்னார்வத் துப்புரவு மழைக்கு முன்பே நடக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் அள்ளுவதற்கு எஞ்சியிருப்பது குறைவு.

தூய நீரும் காற்றும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆறுகளைக் காப்பது குடிமகனின் கடமை என்று 51அ பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தக் கடமை உள்ளாட்சியின் பொறுப்பைக் குறைத்துவிடாது. நீர்நிலையில் குப்பை வீசக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்ததோடு, கழிவைச் சேகரித்து அகற்றும் வேலையை உள்ளாட்சி அமைப்பிடமே விட்டன. எனவே அள்ளிய மூட்டைகளை எந்த நாளில், எந்த வண்டியில் பேரூராட்சி எடுத்துச் செல்லும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறாத துப்புரவு, குப்பையை ஆற்றிலிருந்து கரைக்கு மாற்றுவதோடு நின்றுவிடும். ஆற்றுப் படுகை அரசு நிலமாதலால் நீர்வளத் துறைக்கும் தகவல் தர வேண்டும். குப்பையோடு மணலை வாரி எடுத்தால் அது கனிமச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகிவிடும்.

ஆபத்துகளை ஆர்வம் மறைத்துவிடக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆழமற்ற நீருக்கு அடியிலும் இருக்கக்கூடும் என்பதால் சிறுவர்களை நீரில் இறக்கவே கூடாது. புதர்க் குவியலைக் கையால் கிளறாமல் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும்; விரியன் கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ உதவாது, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்வதே வழி. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து தோல் வெடிப்பு வழியாக உடலில் நுழையும் கிருமியால் வருவது எலிக்காய்ச்சல். காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்காதிருப்பது நல்லது. விருத்தாசலம் வட்டாரத்துக்குப் பழக்கமான பீங்கான் சில்லும் கண்ணாடித் துண்டும் மெல்லிய கையுறையைக் கிழிக்கும். ஊசி, மருந்துக் குப்பி முதலிய மருத்துவக் கழிவைத் தன்னார்வலர் தொடாமல் படமெடுத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அள்ளுவதைவிடப் பெரிய வேலை எண்ணுவது. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி உலகெங்கும் பரவிய தூய்மைப் பணியில், கண்டெடுத்த பொருள்களை வகைப்படுத்தி அட்டையில் குறிப்பது தொடக்கம் முதலே வழக்கம். எடைக் கணக்கு செய்திக்கு உதவுமே தவிர, யார் போட்டது என்பதைச் சொல்லாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட பைகளும் குவளைகளும் எத்தனை கிடந்தன, பொட்டலங்களில் எந்த நிறுவனப் பெயர் இருந்தது, ஒரே இடத்தில் கோழிக்கழிவோ கட்டட இடிபாடோ மீண்டும் வந்ததா என்பவற்றைத் தேதியும் இடமும் சேர்த்து எழுதிய நோட்டு, பிற்பாடு சான்றாகிறது.

அந்தச் சான்றோடு முதலில் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் மனு தரலாம். பதில் இல்லாவிட்டால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டம் இருக்கிறது. குப்பை அகற்றும் ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தொழிற்சாலைக் கழிவானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும், எதுவும் பலிக்காதபோது சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் அணுகலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அங்கே மனுவுக்கான ஆறு மாதக் கெடு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது என்பதால், நோட்டின் முதல் பக்கத்தில் தேதி எழுத மறக்க வேண்டாம்.