காப்பீடு எட்டாத கவனக்குறைவு நோய்: இடக்கொச்சியிலிருந்து ஒரு பார்வை

மருத்துவக் காப்பீடு என்றதும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனைப் படுக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. எதிர்பாராமல் வரும் பெருஞ்செலவிலிருந்து குடும்பத்தைக் காப்பதே காப்பீட்டின் நோக்கம். ஆனால் படுக்கையில் கிடத்தாமல், ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் செலவு வைக்கும் நோய்கள் பல உண்டு. வயது வந்தோரிடம் காணப்படும் கவனக்குறைவு - மிகை இயக்கக் கோளாறு அவற்றுள் ஒன்று. ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரால் அது பரவலாக அறியப்படுகிறது. காப்பீடு இல்லாத ஒருவர் இந்நோயுடன் வாழ என்ன வழி என்பதை, கொச்சி மாநகராட்சியின் தென்மேற்குப் பகுதியான இடக்கொச்சியை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

நோயின் இயல்பு

இக்கோளாறு குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1902ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவுக் குறைவு இல்லாதபோதிலும் ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலாத சிறுவர்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1968இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் இது குழந்தைப் பருவக் கோளாறாகவே இடம் பெற்றது. இளமையில் தோன்றும் இக்குறைபாடு பலரிடம் முதிர்ந்த வயதிலும் நீடிக்கிறது என்பது பின்னரே உறுதிப்பட்டது. 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, குழந்தைப் பருவத்தில் தொடங்கி நீடிக்கும் இக்கோளாறு வயது வந்தோரில் ஏறத்தாழ 2.58 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கணித்தது.

வயது வந்தோரிடம் ஓட்டமும் துள்ளலும் குறைந்து விடுகின்றன. உள்ளத்தின் அமைதியின்மை எஞ்சி நிற்கிறது. தொடங்கிய வேலையை முடிக்க இயலாமை, நாள் தவறுதல், மின் கட்டணம் செலுத்த மறத்தல், பிறர் பேசும்போது குறுக்கிடுதல், அடிக்கடி வேலை மாறுதல் ஆகியவை இதன் வெளிப்பாடுகள். இவற்றைச் சோம்பல் என்றும் பொறுப்பின்மை என்றும் சுற்றத்தார் கருதுவது இயல்பு. பாதிக்கப்பட்டவரும் அவ்வாறே நம்பி, தம்மையே நொந்துகொள்கிறார். மறதி எல்லோருக்கும் உண்டு. அதனால் மட்டும் ஒருவரை நோயாளி என்று கூறிவிட இயலாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருத்தல், வீடு, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் அவை காணப்படுதல், வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதித்தல் ஆகிய மூன்றையும் மருத்துவர் உறுதி செய்த பின்னரே இந்நோய் என்று முடிவு கட்டுகிறார். தைராய்டு குறைபாடு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், மதுப் பழக்கம் ஆகியவையும் கவனத்தைச் சிதைக்கக் கூடியவை. எனவே அவற்றையும் ஆராய்வது இன்றியமையாதது.

காப்பீடு ஏன் உதவுவதில்லை

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல் நோய்களுக்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்களுக்கும் வழங்க வேண்டும் என்று அதன் 21ஆவது பிரிவு விதித்துள்ளது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டிலும் 2022 அக்டோபரிலும் இதனை நிறுவனங்களுக்கு வலியுறுத்தியது.

இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டம் அளிப்பது சமத்துவமே அன்றிப் புதிய வகைக் காப்பீடு அன்று. நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. சர்க்கரை நோயாளி மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அவை பணம் தருவதில்லை. அதே அடிப்படையில் கவனக்குறைவு நோயாளியின் மாத்திரைக்கும் தருவதில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வகை செய்கிறது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் அதனுடன் இணைந்தது. இவையும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரையே முதன்மையாகக் கருத்தில் கொண்டவை.

கவனக்குறைவு நோயாளி மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவை அரிதினும் அரிது. மருத்துவர் ஆலோசனை, மாத மருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்தல், உளவியல் பயிற்சி ஆகிய அனைத்தும் புறநோயாளிப் பிரிவிலேயே நடைபெறுகின்றன. ஆதலால் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரும் இந்நோயைப் பொறுத்தவரை காப்பீடு இல்லாதவரே ஆவார்.

இதற்கு விதிவிலக்கு தொழிலாளர் அரசுக் காப்பீடு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்தையும் சேர்த்தே வழங்குகிறது. இதற்குரிய மாத ஊதிய உச்சவரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்வோருக்கே இப்பயன் கிட்டும்.

இடக்கொச்சியின் நிலை

பள்ளுருத்திக்குத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலின் கரையில் அமைந்தது இடக்கொச்சி. பாலத்தைக் கடந்தால் அரூர். மீன்பிடித்தலும், இறால் உரித்துப் பதப்படுத்தும் தொழிலும் இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலமாக வாழ்வளித்து வருகின்றன. நாட்கூலியாகவும் ஒப்பந்த அடிப்படையிலும் உழைப்போர் பலர். சற்று வடக்கே மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன. நாட்கூலி பெறுவோருக்கு மருத்துவமனை செல்லும் ஒரு நாள் என்பது ஊதியம் இழக்கும் நாள் என்பதை மறந்துவிடலாகாது. மருத்துவர் கட்டணத்தைக் காட்டிலும் இவ்விழப்பே சில வேளைகளில் மிகுதி.

எனினும் இப்பகுதி வசதியற்றது அன்று. பள்ளுருத்தியிலும், மட்டாஞ்சேரியை அடுத்த கருவேலிப்படியிலும், போர்ட் கொச்சியிலும் அரசு வட்ட மருத்துவமனைகள் உள்ளன. தோப்பும்படி வழியாகப் பேருந்தில் சென்றால் எர்ணாகுளம் பொது மருத்துவமனையை அடையலாம். களமசேரியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. இன்று கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் அது செயல்படுகிறது. மனநல மருத்துவரைத் தேடி மக்கள் நகருக்குச் செல்வதற்கு மாறாக, மருத்துவர் குழு குறிப்பிட்ட நாட்களில் சிறிய மருத்துவமனைகளுக்கு வருவதே இதன் அடிப்படை. காப்பீடு இல்லாத ஒருவர் முதலில் அணுக வேண்டிய இடம் இதுவே. அருகிலுள்ள வட்ட மருத்துவமனையில், மனநலக் குழு வரும் நாள் எது என்று கேட்டறிவது முதற்படி.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். மலையாளமும் தமிழும் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. இது நோயைத் தொலைபேசியிலேயே முடிவு செய்யும் ஏற்பாடு அன்று. எங்கே செல்வது என்று வழிகாட்டும் ஏற்பாடு.

மருந்தும் அதன் தடைகளும்

இந்நோய்க்கு முதன்மையாகப் பயன்படும் மருந்து மெத்தில்பெனிடேட். 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட இம்மருந்து, தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்புடையது. ஆகையால் இந்தியாவில் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும், மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையிலும் வைக்கப்பட்டுள்ளது. மருந்துச் சீட்டு இரு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இவ்வகை மருந்தை விற்கத் தனி உரிமமும் வேண்டும். ஆகவே எல்லாக் கடைகளிலும் இது கிடைப்பதில்லை.

கட்டுப்பாடு தேவையே. ஆனால் அதன் விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை மறப்பதும் தாள்களைத் தொலைப்பதும் யாருடைய நோயோ, அவரிடமே குறித்த நாளில் வருமாறும், சீட்டைப் பத்திரமாக வைக்குமாறும், கடை கடையாகத் தேடுமாறும் கேட்கிறோம். சிகிச்சை பெறும் வழியே நோயாளிக்கு ஒரு தேர்வாகி விடுகிறது. சிகிச்சையைப் பாதியில் விடுவோரை அக்கறையற்றவர் என்று குறை கூறுமுன் அலுவலர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகைய கடுங்கட்டுப்பாடு இல்லாத மற்றொரு மருந்து அட்டோமாக்செட்டின். அதன் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பிறருக்கு எழுதப்பட்ட மாத்திரையை உட்கொள்வது ஆபத்தானது, சட்ட விரோதமும் ஆகும். வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை எழுதுமாறு மருத்துவரைக் கேட்டு, மக்கள் மருந்தகம், காருண்யா மருந்தகம், நீதி மருந்துக் கடை ஆகியவற்றில் விசாரித்து விலையை ஒப்பிட்டு வாங்குவது செலவைக் குறைக்க உதவும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இங்கு கவனிக்கத்தக்கது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை இல்லாதிருப்பினும், அரசு மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமை உடையவர். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய நல நிலையம் முதற்கொண்டு மேலுள்ள அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. எனவே ஒரு மருந்து அப்பட்டியலில் இடம் பெறுகிறதா, இல்லையா என்பதே ஏழை நோயாளியின் நிலையைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் இல்லையெனில் முழுச் சுமையும் அவர் தலையில் விழுகிறது.

மருந்துக்கு அப்பால்

மருந்து கவனத்தைக் கூட்டலாம். ஒழுங்கைக் கற்றுத் தருவதில்லை. திட்டமிடும் பழக்கத்தைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை பயன் தருகிறது என்பதை 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்பயிற்சியின் கூறுகள் எளியவை. எல்லா வேலைகளையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுதல். பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்தல். சாவி, பணப்பை, மருந்துச் சீட்டு ஆகியவற்றுக்கு நிலையான இடம் ஒதுக்குதல். கைப்பேசியில் நினைவூட்டு மணி வைத்தல். கடினமான வேலையின்போது ஒருவரை அருகே அமர்த்திக்கொள்ளுதல் ஆகியவை அவை. ஒழுங்கான உறக்கமும் உடற்பயிற்சியும் துணை செய்யும். இவை எவற்றுக்கும் காப்பீடு தேவையில்லை; ஆனால் ஊக்குவிக்க ஒரு துணை தேவை. 1998 முதல் இயங்கிவரும் குடும்பஸ்ரீ போன்ற அண்டை அயலார் குழுக்கள் அத்துணையாக அமையக் கூடியவை.

செய்ய வேண்டுவன

2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பல்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை. இந்நிலையில் கவனக்குறைவு நோய்க்கென்று தனித் திட்டம் கோருவது எளிதன்று. ஆயினும் இருக்கும் அமைப்பிலேயே சில மாற்றங்கள் இயலும். மாவட்ட மனநலக் குழுவின் மருத்துவ நாளை முந்திய நாள் தொலைபேசிச் செய்தியால் நினைவூட்டலாம். நிலை சீரான நோயாளிக்கு, சட்டம் இடமளிக்கும் அளவில் நீண்ட காலத்துக்கு மருந்து வழங்கலாம். தேவையான மருந்துகளை மாநிலப் பட்டியலில் சேர்ப்பது குறித்து ஆராயலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. கடுங்கட்டுப்பாடு இல்லாத மனநல மருந்துகளுக்கும் இவ்வழி பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இம்முன்னேற்றம் தொடர வேண்டுமானால், படுக்கைக்குப் பணம் தருவதோடு நில்லாமல் புறநோயாளிப் பிரிவையும் வலுப்படுத்த வேண்டும். இடக்கொச்சியில் வாழும் கவனக்குறைவு நோயாளிக்கு, பள்ளுருத்தி மருத்துவமனையில் தவறாமல் வரும் மருத்துவரும், தவறாமல் கிடைக்கும் மாத்திரையுமே உண்மையான காப்பீடு ஆகும்.