கொலுப் பொம்மைக்குள் ஒரு வெள்ளை மரம்

நவராத்திரி வந்துவிட்டால் பத்மாராவ் நகர், மேற்கு மாரேட்பள்ளி பகுதித் தமிழர் வீடுகளில் கொலுப்படி ஏறும் பொம்மைகளில், மண் பொம்மைகளோடு மரப் பொம்மைகளும் இருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. பெரும்பாலும் அவை நிர்மலிலோ கொண்டபள்ளியிலோ செய்தவை. ஊர் இரண்டானாலும் மரம் ஒன்றே. தெலுங்கில் அதன் பெயர் 'தெல்ல பொனிகி'. 'தெல்ல' என்றால் வெள்ளை.

ஐரோப்பாவில் இதுபோல் வெளுத்த, மென்மையான மரம் பாப்லர். உலகப் புகழ் பெற்ற மோனாலிசா ஓவியம் தீட்டப்பட்டது பாப்லர் பலகை மீதுதான். அது வில்லோ இனம். நமது பொனிகியோ ஆமணக்குக் குடும்பம். உறவு இல்லாவிட்டாலும் உதவுகின்ற விதம் ஒன்றே.

கட்டுமரமும் இதுவே

தென்னிந்தியாவின் வறண்ட குன்றுகளிலும் இலங்கையிலும் வளரும் இம்மரம், மிதக்கும் தன்மையால் கட்டுமரம் கட்டவும் பயன்பட்டது. ஆங்கிலத்தில் இதற்கு 'வெள்ளைக் கட்டுமர மரம்' என்றே பெயர். நம் தமிழ்ச் சொல்லே அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது!

ஹைதராபாத்திலிருந்து நாகபுரி சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நிர்மல். 2016-ல் தனி மாவட்டமாயிற்று. 17-ம் நூற்றாண்டில் நிம்ம நாயுடு என்ற சிற்றரசர் நகாஷ் கலைஞர்களை இங்கு ஆதரித்தார் என்பர்.

வெட்டிய மரத்தை நன்கு உலர்த்திச் செதுக்குகிறார்கள். கை, கால், தலை என்று தனித்தனியே செய்து, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கலவையால் ஒட்டுகிறார்கள். மேலே வெள்ளைச் சுண்ணம் பூசி, பிறகு வர்ணம் தீட்டுகிறார்கள். உளிக்கு இணங்கி, பிளக்காமல் வருவது பொனிகியின் குணம். தேக்கில் இந்த நுணுக்கம் எளிதல்ல, கனமும் கூடிவிடும்.

மரம் எங்கே?

இன்று கைவினைஞர்களின் பெருங்கவலை மரத் தட்டுப்பாடுதான். செதுக்கும் பொனிகி காட்டிலிருந்தே வரவேண்டும். வெட்டுகிற வேகத்திற்கு மரம் வளர்வதில்லை. விதையின் ஓடு கெட்டியானதால் முளைப்பதும் அரிது. வனத்துறை கன்றுகள் வளர்க்க முயன்று வந்துள்ளது. ஆனால் இன்று நட்ட கன்று உளிக்கு வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரை கைவினைஞர் குடும்பம் காத்திருக்க முடியுமா?

கை நுணுக்கத்தைத் தந்தை மகனுக்குக் கற்றுத் தரலாம். வர்ணத்தைக் கடையில் வாங்கலாம். மரத்தை மட்டும் காடுதான் தரவேண்டும். அது தீர்ந்தால் தொழிலும் தீர்ந்தது.

ஹைதராபாத்தில் கோல்கொண்டா கைவினைக் கடைகளிலும் மாதாப்பூர் சில்பாராமத்திலும் இப்பொம்மைகள் கிடைக்கின்றன. "மரப் பொம்மைக்கு இத்தனை விலையா?" என்று பேரம் பேசுமுன், அதற்குள் இருப்பது எத்தனை அரிதான மரம் என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது. வீட்டில் உள்ள பழைய பொனிகிப் பொம்மையின் வர்ணம் மங்கியிருந்தால் தூக்கிப் போடாமல், மறுபடி தீட்டச் சொல்லிப் படியில் ஏற்றலாமே!