கம்பம் ஏற்றும் ஆசிரியருக்குச் சான்றிதழ் அவசியமா?

"மகளைப் போல் டான்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா டாக்டர்? சொல்லித் தருபவரிடம் சர்டிபிகேட் இருக்கணுமா?" என்று கேட்கிறீர்களா?

சித்த மருத்துவம் பார்க்கப் பட்டமும் பதிவும் கட்டாயம். கம்பம் ஏறச் சொல்லித் தருபவருக்கு நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. போல் டான்ஸ் சான்றிதழ் தருபவை தனியார் பயிற்சிப் பள்ளிகளே. சில நாள் பயிற்சியிலேயே தருபவையும் உண்டு.

விழுப்புரத்துப் பிள்ளைகள் பழகும் மல்லர் கம்பம் இதற்கு அக்கா முறை. அங்கே மரக் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். உராய்வு குறையும், தோல் கிழியாது. போல் டான்ஸுக்கான உலோகக் கம்பத்திலோ எண்ணெய் பட்டால் வழுக்கி விழ வேண்டியதுதான். எனவே வகுப்பு நாளில் எண்ணெய்க் குளியல் வேண்டாம். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதற்கும் குரு ஆகிவிட மாட்டார்.

சர்டிபிகேட் கேளுங்கள், தப்பில்லை. அதோடு நிற்காமல் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்.

* கீழே கனமான மெத்தை இருக்கிறதா?
* தலைகீழாகத் தொங்கும்போது பக்கத்தில் நின்று தாங்குகிறாரா?
* முதலில் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி உண்டா? எங்கள் பெர்ன்ஹில் மாதிரி குளிர் ஊரில் இதை விட்டால் தோள் பிசகலாம்.
* பழைய தோள்வலி, ரத்தக்கொதிப்பு, பெரியவர்களானால் கர்ப்பம் பற்றி விசாரிக்கிறாரா?

கடைசியாக, "விழுந்தால் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "எண்ணெய் போட்டு நீவி விடுவேன்" என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அசைக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். சித்த வைத்தியனான நானே எக்ஸ்ரே பார்க்காமல் கை வைக்க மாட்டேன்!